தாலியில் வரைந்த மலை

என் மகளின் தாலியில் ஒரு மலையை வரையப் போய், என்னிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் வைர ஊசியை உடைத்தேன். உடைந்தது கை தவறி நடந்தது. அதைச் சொல்லாமல் ஆறு மாதம் இருந்தது கை தவறி நடந்ததல்ல. ஒவ்வொரு நாளும் காலையில் குளித்து, திருநீறு பூசி, கல்லூரிக்குப் போய், சொல்லாமல் திரும்பி வந்தேன்.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில் ஒரு தனியார் கல்லூரியில் நான் இயற்பியல் துறைத் தலைவர். புதிய நூற்றாண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆசிரமத்துப் பக்கம் ஒவ்வொரு குளிர்காலமும் வந்து அறை எடுத்துத் தங்கும் ஐரோப்பியர் ஒருவர் ஒரு நாள் எங்கள் கல்லூரிக்குள் நுழைந்தார். காவி வேட்டி, மேலே கம்பளிச் சட்டை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆராய்ச்சியாளர். அவருடைய பழைய ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியைக் கழித்துக்கட்டப் போகிறார்கள், உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார். கண்ணால் பார்க்கும் நுண்ணோக்கி அல்ல, தொட்டுப் பார்க்கும் நுண்ணோக்கி. இருட்டில் சுவரை விரலால் தடவிப் போவதுபோல, மிக நுண்ணிய ஒரு ஊசிமுனை பொருளின் மேல் தடவிச் செல்லும். அது எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதைக் கணினி படமாக வரைந்து காட்டும். அணுக்களைவிடச் சற்றே பெரிய மேடுபள்ளங்கள்கூடத் தெரியும்.

அந்த ஊசியை அழுத்தினால் அதே நுண்ணோக்கி ஏராகிவிடும். மேற்பரப்பில் உழலாம், கோடு கிழிக்கலாம், குழி தோண்டலாம். ஆனால் சாதாரண ஊசி சிலிக்கானால் ஆனது. கடினமான பொருளில் நாலு கோடு இழுத்தால் மழுங்கிவிடும். அதனால் அதன் மேல் மெல்லிய வைரப் பூச்சு கொடுத்து விற்பார்கள். அப்படிப்பட்ட ஊசிகள் இரண்டை அந்த ஐரோப்பியர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து தந்தார். டப்பாவைத் திறந்து பார்த்த எங்கள் முதல்வர், "எங்கய்யா இருக்கு? காலி டப்பாவைக் குடுத்துட்டாரு பாரு" என்றார். ஊசி ஒட்டியிருக்கும் சில்லே அரிசிக் குருணை அளவுதான். முனை கண்ணுக்குத் தெரியாது.

நுண்ணோக்கியை வைக்க ஆடாத இடம் வேண்டும். எங்கள் கல்லூரி வாசலில் அரசுப் பேருந்துகள் குழியில் இறங்கி ஏறும்போது மேசைமேல் தேநீர் தளும்பும். கற்சிற்பப் பட்டறையில் கனமான ஒரு கருங்கல் பலகை வாங்கி, கூரையில் கொக்கி அடித்து, லாரிகளில் சரக்கு கட்டும் ரப்பர்க் கயிறுகளில் அதைத் தொங்கவிட்டோம். கீழே எது ஆடினாலும் ரப்பர் அதை வாங்கிக்கொள்ளும். எல்லோரும் அதை ஊஞ்சல் என்றே சொன்னோம். யாராவது அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டு வந்தால், பியூன் "மேடம் ஊஞ்சலாண்ட இருக்காங்க" என்பார். கேட்டவர்கள் விழிப்பார்கள்.

அந்தப் பெண் எங்கள் துறையில் தற்காலிக விரிவுரையாளர். செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவர். ஆய்வுக்குப் பதிவு செய்த காலக்கெடு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, அதுவும் தீர்ந்துகொண்டிருந்தது. பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொருவர். அவருடைய ஆய்வுக் கேள்வி எளிமையானது: வைரம் பூசிய ஊசி எவ்வளவு உழுதால் தேயும்? கற்றுக்கொள்ளும்போதே முதல் ஊசி போய்விட்டது. இரண்டாவதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் ஒரே அழுத்தத்தில் சிலிக்கான் தகட்டில் கோடு கோடாக இழுத்து, ஒவ்வொரு கோட்டின் அகலத்தையும் அளந்துவந்தார். ஊசி தேய்ந்தால் கோடு அகலமாகும். தேயவேயில்லை. "மாடு சோர்ந்தாலும் கலப்பை சோராது போலிருக்கு சார்" என்பார்.

ஆய்வகத்தில் ஒரு விதி இருந்தது. பௌர்ணமி அன்று நுண்ணோக்கியைத் தொடக் கூடாது. கிரிவலத்துக்கு வரும் ஜனம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். ஆயிரக்கணக்கான வெறுங்கால்கள், காவல்துறை ஜீப்புகள், ஒலிபெருக்கிகள். ஊஞ்சல் தாங்குமோ தாங்காதோ என்று அந்த விதியைப் போட்டவன் நான்தான்.

அதனாலேயே பௌர்ணமி அன்று ஆய்வகத்தில் ஆள் இருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு மாசியில் முகூர்த்தம் குறித்திருந்தோம். மாப்பிள்ளை வீடு அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையில் அவர்களுக்கு நிலமும் வீடும். தாலி செய்யும் பொறுப்பை எங்களிடமே விட்டிருந்தார்கள். ஆசாரி செய்து தந்த பொட்டுத்தாலி எங்கள் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் சுற்றியிருந்தது. அதன் பின்பக்கம் வழவழவென்று தட்டையாக இருப்பதை ஒரு நாள் கவனித்தேன். அதற்கப்புறம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. எல்லா அப்பாக்களும் மகளுக்குப் பீரோ வாங்கித் தருகிறார்கள். உலகத்தில் எந்த அப்பா தாலிக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத அளவில், அண்ணாமலையையே வரைந்து கொடுத்திருக்கிறான்?

தைப் பௌர்ணமி அன்று காலை, "முதல்வர் கூப்பிட்டார்" என்று வீட்டில் ஒரு பொய் சொல்லிவிட்டுத் தாலியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். சாலையில் அப்போதே ஜனம் நடக்கத் தொடங்கியிருந்தது. ஊஞ்சலில் தாலியைக் குப்புற வைத்து ஒட்டினேன். வைர ஊசி ஏற்கெனவே பொருத்தியிருந்தது. திரையில் மலையின் கோட்டுருவத்தைப் புள்ளி புள்ளியாகக் குறித்தேன். ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலை. ஊசி இறங்கி உழுதது. தங்கம் வெண்ணெய் மாதிரி வழிவிட்டது. தடவிப் பார்த்ததும் திரையில் மலை வந்தது. ஒரு தலைமுடியின் அகலத்தில் அதைப்போல ஏழெட்டு மலைகளை வரிசையாக நிறுத்தலாம். தனியாக நின்று கை தட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன்.

அத்துடன் வீட்டுக்குப் போயிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பார்த்தால் மலை வேறு மாதிரி இருக்குமே, அதையும் பக்கத்தில் வரைந்துவிட்டால் இரண்டு வீட்டுக்கும் சரியாக இருக்குமே என்று ஆசை வந்தது. அவசரத்தில் ஊசியை மேலே தூக்காமலே திருகைத் திருப்பித் தாலியை நகர்த்தினேன். கயிறு கோர்ப்பதற்காகத் தாலியின் விளிம்பில் ஒரு வளையம் உண்டல்லவா, அது பற்றவைத்த மேட்டில் ஊசி பக்கவாட்டில் போய் இடித்தது. திரையில் எல்லாம் குதித்தது. பதறிப்போய்த் திருகைப் பின்னால் சுழற்றினேன். அதற்குள் நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

வைரம் எப்படித் தங்கத்தில் இடித்து உடையும் என்று படிப்பவருக்குத் தோன்றும். வைரம் வெறும் பூச்சுதான். உள்ளே இருப்பது சிலிக்கான். மேலிருந்து எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். பக்கவாட்டில் மோதினால் பூச்சோடு சேர்ந்து முனை பிளந்துவிடும். மாணவர்களுக்கு இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான்.

தாலியைப் பெயர்த்தெடுத்து, அந்தப் பெண் விட்டுச்சென்ற சிலிக்கான் தகட்டைப் பழையபடி வைத்து, விளக்கை அணைத்துவிட்டு, தாலியுடன் வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் யாரோ ஒரு அம்மா சாலையோரம் பிரசாதம் தந்தார். சுண்டல். அதையும் வாங்கித் தின்றேன்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண் என் அறைக்கு ஓடிவந்தார்.

"சார், கோடெல்லாம் ரெட்டையா விழுது. ஒண்ணு இழுத்தா ரெண்டு வருது. முனை பொளந்துடுச்சு."

"எப்படிம்மா?"

அந்த 'எப்படிம்மா'வை நான் கேட்ட விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல நடிகனுக்குக்கூட அவ்வளவு இயல்பாக வராது.

அவர் யோசித்து வைத்திருந்தார். "வெள்ளிக்கிழமை நல்லா இருந்தது. நடுவுல பௌர்ணமி. நான்தான் ஊசியை மேல தூக்காம போயிட்டேன் போலருக்கு சார். அத்தனை ஜனம் நடந்ததுல அதிர்ந்து தகட்டு மேல மோதியிருக்கும். என் தப்புதான்."

என் தப்பை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கிரிவலம் வந்த ஜனங்கள் தலையில் வைத்தார். நான் "இருக்கலாம்" என்றேன். அந்த ஒரு சொல்தான் நான் செய்த பெரிய தவறு. மகள் கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு சமாதானம்.

அவர் சும்மா இருக்கிற ஆள் அல்ல. வெறுங்கால் நடையால் வைர ஊசி உடையுமா என்பதை அளந்தே பார்ப்பது என்று முடிவு செய்தார். அது நிரூபணமானால் ஆய்வில் அந்த உடைவுக்குக் காரணம் எழுதிவிடலாம். நில அதிர்வைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை வேறொரு கல்லூரியிலிருந்து இரவல் வாங்கிவந்தார். கறுப்பாக, உருண்டை தலையுடன், முழங்கை உயரம்கூட இல்லாத உருளை. அதைக் கிரிவலப் பாதையோரம் எங்காவது வைக்க வேண்டும். எங்கே வைப்பது?

"என் சம்பந்தி வீட்டு வாசல்ல வைக்கலாம்மா" என்றேன். இந்த மாதிரி உதவிகளில் அப்போது எனக்கு மிஞ்சிய ஆள் கிடையாது. பொய்யான ஒரு காரணத்தை நிரூபிக்க ஒயர் சுமந்தேன், பேட்டரி சுமந்தேன்.

மகள் கல்யாணம் முடிந்து அதே மாசியில் வந்த பௌர்ணமியில் அடி அண்ணாமலை போனோம். சம்பந்தி அம்மாள் வாசலில் ஜனங்களுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பட்டைக் கல்லின் மேல் கருவியை உட்காரவைத்து, ஆடாமலிருக்க அடியில் களிமண் அப்பி, ஒயரை உள்ளே இழுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில் கணினித் திரையில் கோடு எகிறியது. எட்டிப் பார்த்தால், ஒரு குடும்பம் எங்கள் கருவிக்குத் திருநீறு பூசிக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தது. கல்மேல் கறுப்பாக உருண்டையாக எது இருந்தாலும் அந்தப் பாதையில் அது லிங்கம்தானே.

எங்கள் ஆய்வு மாணவி ஓடினார். "ஐயோ, அது சாமி இல்லீங்க! மெஷினுங்க!"

கற்பூரம் ஏற்றிய பாட்டி நிமிர்ந்து பார்த்தார். "இருக்கட்டுமே. நாங்க கும்பிட்டா உனக்கு என்னாம்மா நஷ்டம்?"

"சூடு பட்டா கெட்டுடும் பாட்டி."

"கற்பூரத்துக்குக் கெட்டுப்போற சாமியை எதுக்கு ரோட்டுல வெச்ச?"

சம்பந்தி அம்மாள் மோர்ச் சொம்புடன் வந்து பஞ்சாயத்து செய்தார். அடுத்த பௌர்ணமியிலிருந்து கருவியின் மேல் ஒரு பழைய சாக்கைப் போட்டு மூடி, பக்கத்திலேயே முக்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துகொண்டார். அப்படியும் இரண்டு பேர் சாக்குக்குச் சாமந்திப்பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. சித்திரைப் பௌர்ணமிக்கு வந்த கூட்டத்தில் எறும்பு புக இடமில்லை. இந்த முறை கட்டாயம் ஏதாவது தெரியும் என்று அவர் நம்பினார். வைகாசியும் பார்த்தார். சாலையோரத்தில் அதிர்வு இருந்தது. அதே நேரம் ஊஞ்சலில் ஓடவிட்டிருந்த சாதாரண ஊசியில் இல்லை. ரப்பர்க் கயிறும் கருங்கல்லும் சேர்ந்து அத்தனை காலடிகளையும் விழுங்கிவிட்டிருந்தன. மலையைச் சுற்றிய ஜனத்தின் மேல் குற்றமில்லை என்று அந்தப் பெண் எழுத்துப்பூர்வமாக நிறுவிவிட்டார்.

மிஞ்சியது ஒரே முடிவு. ஆனி மாதம் ஒரு பிற்பகல் என் அறையில் உட்கார்ந்து சொன்னார்: "அப்படின்னா பூச்சுதான் காரணம் சார். வெளிய ஒண்ணும் இல்ல. முன்னறிவிப்பே இல்லாம திடீர்னு தானா பொளந்திருக்கு. வைரப் பூச்சை நம்ப முடியாதுன்னு எழுதப் போறேன். காலக்கெடு வேற வந்துடுச்சு. நீங்க பார்த்து சைன் பண்ணிட்டீங்கன்னா அனுப்பிடலாம்."

வழிகாட்டி என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பல மாதங்கள் தேயாமல் உழுத ஓர் ஊசியைப் பற்றி அது நம்பத்தகாதது என்று ஒரு பொய் என் கையெழுத்துடன் வெளியே போகும். அதைவிட, தேர்வாளர்கள் ஒரே கேள்வியில் அதைக் கிழிப்பார்கள். அவர் நின்று விழிப்பார். பேனாவைத் திறந்தேன். மூடினேன்.

"நான்தாம்மா உடைச்சேன்" என்றேன்.

முழுவதையும் சொன்னேன். தாலி, மலை, இரண்டாவது மலை, வளையம். அவர் கேட்டு முடித்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கண்களில் இரக்கம் இருந்தது.

"சார், என் மேல பரிதாபப்பட்டுக் கதை கட்டாதீங்க."

"கதையில்லம்மா. நிஜம்."

"பௌர்ணமி அன்னிக்கு மெஷினைத் தொடக் கூடாதுன்னு ரூல் போட்டதே நீங்க. அன்னிக்கு நீங்களே வந்து, அதுவும் தாலியை வெச்சு… நான் ஃபெயிலாயிடுவேன்னு பயந்து உங்க தலையில போட்டுக்கறீங்க. வேணாம் சார். பெரிய மனசுதான் உங்களுக்கு."

இப்படி ஒரு தண்டனையை நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆறு மாதம் மறைத்த உண்மையைச் சொன்னால், எனக்குப் பெரிய மனசு என்கிறார். எப்படி நிரூபிப்பது? சாட்சி ஒன்றுதான். அது என் மகளின் கழுத்தில் இருக்கிறது. கல்யாணமான பெண்ணிடம் போய்த் தாலியைக் கழற்றிக் கொடு, நுண்ணோக்கியில் வைக்க வேண்டும் என்று எந்த அப்பா கேட்பான்?

வழி என் மனைவிதான் சொன்னாள். முதலில் அரை மணி நேரம் திட்டினாள். அதில் "அந்தத் தாலியைத் தொட்டுக் கும்பிட்டுத்தானே எல்லாரும் அட்சதை போட்டாங்க, உங்க கிறுக்கலையா கும்பிட்டோம்?" என்ற ஒரு வரி மட்டும் இப்போதும் நினைவிருக்கிறது. பிறகு தணிந்து, "ஆடிப் பதினெட்டுக்குத் தாலி பிரிச்சுக் கோக்கணும் இல்ல, அப்ப கழட்டுவாங்க இல்ல" என்றாள். முதல் ஆடிக்கு மகள் எங்கள் வீட்டுக்கு வந்திருப்பாள். மஞ்சள் கிழங்கு கட்டிய புதுக் கயிற்றை முதலில் கழுத்தில் போட்டுவிட்டு, பழைய கயிற்றைக் கழற்றிப் பொட்டைப் பிரித்தெடுத்து, மணிகள் சேர்த்துக் கோர்த்து மறுபடி போடுவார்கள். அந்த இடைவெளியில் பொட்டு சிறிது நேரம் கையில் இருக்கும்.

சம்பந்தி அம்மாளிடம் சொல்லாமல் அதைச் செய்ய முடியாது. கோர்க்கிற சடங்குக்கு வரப்போகிறவரே அவர்தான். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்.

"தாலியில கீறலா?" என்று எழுந்து நின்றுவிட்டார். "என்னா காரியம் சம்பந்தி பண்ணீங்க?"

"கீறல் இல்லீங்க. மலை."

"எந்த மலை?"

"நம்ம மலைதாங்க."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "என் புள்ள கட்டின தாலியில அண்ணாமலையே இருக்குதா? இத்தினி நாளா எனக்குத் தெரியலையே!" என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இதை முன்னாடியே சொல்லியிருந்தா மாமியார்கிட்ட எனக்கு மரியாதை ஜாஸ்தியாகியிருக்கும்" என்றாள்.

ஆடிப் பதினெட்டு அன்று காலை, கழுத்தில் மஞ்சள் கிழங்குக் கயிற்றுடன் மகளும், கையில் குங்குமச் சிமிழில் பொட்டுடன் சம்பந்தி அம்மாளும், நானும் ஆட்டோவில் கல்லூரிக்குப் போனோம். எங்கள் ஆய்வு மாணவி ஊஞ்சலருகே காத்திருந்தார். அவருக்கு அப்போதும் நம்பிக்கையில்லை. நான் பிடிவாதம் பிடித்ததால் வந்திருந்தார். சம்பந்தி அம்மாள் செருப்பை வெளியே விட்டு வந்து, கிழக்கு எது என்று கேட்டு, பொட்டை அவர் கையில் கொடுத்தார்.

ஆய்வு மாணவி அதை ஊஞ்சலில் வைத்து, சாதாரண ஊசியை மெதுவாக இறக்கினார். திரையில் பாறைகள் மாதிரி ஏதோ வந்தன.

"மலை!" என்று சம்பந்தி அம்மாள் கை கூப்பினார்.

"இல்லீங்கம்மா. மஞ்சத்தூள்."

"இருக்கட்டும், நல்லதுதான்" என்று அதையும் கும்பிட்டார்.

ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி தேடினார். நான் சொன்ன இடத்தில் மலை இல்லை. மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். கழுத்து வியர்வையும், தினமும் தேய்த்த மஞ்சளும் சோப்பும் ஆறு மாதத்தில் அதைத் தேய்த்து எடுத்துவிட்டிருந்தன. வெறும் சிராய்ப்புகள்தான் இருந்தன. ஆய்வு மாணவி என்னைப் பார்த்தார். "பரவால்ல சார். விடுங்க" என்றார். அந்தப் பழைய இரக்கம்.

"மலை எங்க சம்பந்தி போச்சு?"

"தேய்ஞ்சுபோச்சுங்க."

சம்பந்தி அம்மாள் கொஞ்சமும் கலங்கவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தார். "எங்க போயிருக்கும்? இவ மேலதான் ஒட்டிக்கினு இருக்கும்."

"வளையத்துக்கிட்ட பாரும்மா" என்று கெஞ்சினேன். "அந்த மூலையில துணியும் படாது, விரலும் படாது."

ஊசியை நன்றாக மேலே தூக்கினார். நான் செய்யத் தவறிய காரியம். பிறகு பொட்டை நகர்த்தி, பற்றவைத்த மேட்டுக்குச் சற்று முன்னால் இறக்கினார். திரையில் வரி வரியாகப் படம் இறங்கியது. ஒரு ஒற்றைக் கோடு வளையத்தை நோக்கிப் போயிற்று. மேட்டின் அடிவாரத்தில் நின்றது. அங்கிருந்து இரண்டு கோடுகள், தண்டவாளம் போலப் பக்கத்தில் பக்கத்தில், திரும்பி வந்தன. போனது ஒன்று. வந்தது இரண்டு. நான் ஆசையோடு வரைந்தது போய்விட்டது, உடைத்த இடம் மட்டும் அப்படியே இருந்தது.

அவர் இரண்டு கோடுகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். தை மாதத்திலிருந்து சிலிக்கானில் விழுந்துகொண்டிருந்த இரட்டைக் கோட்டின் இடைவெளி அவருக்கு மனப்பாடம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். இப்போது அவர் கண்களில் இரக்கம் இல்லை. எனக்கு அதில் ஒருவித நிம்மதி ஏற்பட்டது என்பதை எப்படிச் சொல்வேன்.

"நாலு பௌர்ணமி சார்" என்றார். "ஒயரைக்கூட நீங்கதான் தூக்கினு வந்தீங்க."

பொட்டைச் சிமிழில் வைத்து, இரண்டு கையாலும் சம்பந்தி அம்மாளிடம் கொடுத்து, என் மகளைப் பார்த்து "நல்லாருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

பரிகாரமாக என்னால் முடிந்ததைச் செய்தேன். முதல்வரிடம் போய் நடந்ததைச் சொல்லி, தாமதத்துக்குக் காரணம் நான் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதவைத்து, அவருக்கு இன்னும் ஓராண்டு வாங்கினேன். துறைத் தலைவர் பதவியை விட்டுவிடுகிறேன் என்றதற்கு முதல்வர், "வேற ஆள் இல்லய்யா, உக்காரு" என்றார். கார்த்திகைக்கு ஐரோப்பியர் வந்தபோது அவரிடமும் சொல்லிப் புதிய வைர ஊசி கேட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் ஊரில் ஒருவன் இதே மாதிரி ஊசியால் காதலியின் பெயரை எழுதப் போய் உடைத்தான், அவள் அவனைக் கட்டிக்கொள்ளவும் இல்லை என்றார். ஊசி ஆள் மூலமாக வந்து சேர்ந்தது. அந்தப் பெண் முதல் கோட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அந்த ஆண்டு முழுவதும் என்னிடம் வேலையைப் பற்றி மட்டும் பேசினார். மரியாதை குறையவில்லை. தேநீர் நேரத்தில் மட்டும் வேறு மேசைக்குப் போய்விடுவார்.

புது ஊசியும் தேயவில்லை. வாய்மொழித் தேர்வு எங்கள் கல்லூரி அரங்கில் நடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சம்பந்தி அம்மாள்கூட வந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி, "இதற்கு முந்தைய ஊசி ஏன் பிளந்தது? வெளிக்காரணம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்களே. அது என்ன காரணம்?" என்று கேட்டார்.

அந்த வரியை அவர் அப்படி எழுதியிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். வழிகாட்டி என்று கையெழுத்துப் போட்டபோது அந்தப் பக்கத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

அவர் என் பக்கம் பார்த்தார். என்னைக் காட்டிக்கொடுக்கலாமா என்று தயங்கியது தெரிந்தது. நான் எழுந்து நின்றேன். "வெளிக்காரணம் நான்தாங்க" என்று சொல்லி, தாலியில் ஆரம்பித்து முழுவதையும் சொன்னேன். அரங்கம் சிரித்த சிரிப்பில் மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை. மேடையில் நின்றிருந்த அவரும் சிரித்துவிட்டார். இரண்டு வருடத்தில் முதல் முறை. தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பக்கவாட்டில் மோதினால்தான் உடையும் என்பதற்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது, இதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார். காலடி அதிர்வைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் அவர் மிகவும் பாராட்டினார். பட்டம் வந்தது. வேலை நிரந்தரமானது.

அன்று மாலையிலிருந்து ஆய்வகச் சாவி துறைத் தலைவர் மேசையில் இல்லை. அவருடைய கைப்பையில் இருந்தது. நான் உள்ளே போக வேண்டுமென்றால் அவரிடம் கேட்பேன், அவர் கூடவே வருவார்.

நான் ஓய்வு பெற்ற நாளில், மாலை போட்டு, போட்டோ பிடித்து எல்லோரும் போனபின், "ஒரு நிமிஷம் வாங்க சார்" என்று ஊஞ்சலுக்கு அழைத்துப்போனார். அந்தப் பிளந்த ஊசியைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் வைத்திருந்தார். அதைப் பொருத்தி, தங்கம் பூசிய ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, "இப்ப வரைங்க. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார். புள்ளி புள்ளியாக மலையைக் குறித்தேன். ஊசி உழுதது. படம் வரி வரியாக இறங்கியது. ஒரு மலைக்குப் பக்கத்தில் ஒட்டியபடி இன்னொரு மலை.

"ரெட்டை அண்ணாமலை" என்றார் அவர். "எதைச் சுத்தறதுன்னு ஜனம் குழம்பிடும் சார்."

"ரெண்டுக்கும் சேர்த்து ஒரே சுத்தா சுத்திடுவாங்கம்மா."

சிரித்தார். திருகில் என் கை போனது. "ஊசியை மேல தூக்குங்க சார்" என்றார். தூக்கினேன். பிறகு கருவியை நிறுத்தி, உறை போட்டு, கதவைப் பூட்டினார். சாவியைப் பழக்கம் போலத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். வாசல் வரை கூடவே வந்து எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.